மாநாட்டு மையமும் சபாக்களும் சென்னைக்கு என்ன தருகின்றன?

கேள்வி: நந்தம்பாக்கம் வர்த்தக மையம் போன்ற இடங்களால், வாடகைக்கு அப்பால் சென்னையின் சுற்றுலாவுக்கு உண்மையில் என்ன வருமானம் கிடைக்கிறது?

மறுமொழி 1: வாடகை சிறு பங்குதான், ஐயா. கண்காட்சிக்கு வரும் வெளியூர் வணிகர் இரண்டு மூன்று இரவுகள் தங்கி, வாடகைக் காரில் சுற்றி, ஊர் திரும்பும் முன் தியாகராய நகரில் பட்டுப்புடவை வாங்கும்போது அந்தப் பணம் பல கைகளுக்குப் போய்ச் சேர்கிறது. கண்காட்சி அரங்கில் கடைகளை அமைக்கும் தச்சர், மின்பணியாளர் கூலி வேறு.

மறுமொழி 2: மார்கழி இசை விழாவை மறந்துவிட்டீர்களே! 1927 காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928இல் உருவான மியூசிக் அகாடமியும் பிற சபாக்களும் வெளிநாடுவாழ் ரசிகர்களை வாரக்கணக்கில் இங்கே தங்கவைக்கின்றன. கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்காதவர்கூட சபா கேன்டீனில் இலை முன்னே உட்கார்ந்துவிடுகிறார்.

மறுமொழி 1: உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டம் பொங்கலுக்குள் கலைந்துவிடும். பிறகு காலியாகும் விடுதி அறைகளை நிரப்பக் கண்காட்சிகளே வேண்டும்.