மலைக்கு நாயைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

நெடுங்கேணியான்:
போன ஞாயிறு நாங்கள் நாலு பேரும் எங்கள் வீட்டு நாய் மணியனும் காட்டுக்குள் இருக்கிற பாறை மலையில் ஏறினோம். வன்னி தட்டை நிலம், இங்கே என்ன மலை என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். உயரம் பெரிதில்லைதான். ஆனால் கடைசித் துண்டைக் கல்லைக் கட்டிப்பிடித்துத்தான் ஏற வேணும். அதில் நாங்கள் முழித்துக்கொண்டு நிற்க, மணியன் பக்கத்துப் பாறை வெடிப்பால் சுற்றிப் போய் மேலே நின்று குரைத்தான். அவன் போன வழியால்தான் நாங்களும் ஏறினோம். அடுத்த யாத்திரைச் சீசனுக்குச் சிவனொளிபாதமலைக்கும் அவனைக் கொண்டுபோக யோசனை. நாயோடு மலையேறினவர்கள் சொல்லுங்கள், என்னென்ன கொண்டுபோக வேணும்?

பாலைக்காடு:
தம்பி, கோவிக்க வேண்டாம். நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். இது பாலைப்பழக் காலம், கரடி மரத்திலும் நிற்கும், மரத்தின் கீழும் நிற்கும். கரடிக்குக் கண்ணும் காதும் மந்தம். ஆளைக் கிட்டத்தில் கண்டால்தான் வெருண்டு முகத்தில் பாயும். நாய் என்ன செய்யும்? குரைத்துக் கொண்டு போய் அதைக் கிளப்பும். கரடி திரும்பினால் ஓடி வந்து உங்கள் காலுக்குள்தான் நிற்கும், பின்னால் கரடியும் வரும். இன்னொன்று, மிதிவெடிப் பலகை நட்டிருந்தால் நாங்கள் வாசித்து விலகுவோம். நாய் வாசிக்குமா?

குளக்கட்டு:
பாலைக்காடு சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். என் அப்பா தேன் எடுக்க ஒருநாளும் நாய் இல்லாமல் காட்டுக்குள் இறங்கியதில்லை. நானும் பின்னால் போயிருக்கிறேன். யானை நிற்பது எங்களுக்குத் தெரிய முதல் நாய்க்குத் தெரியும். நடந்து கொண்டிருந்தது அப்படியே நிற்கும், பிடரி மயிர் எழும்பும், சத்தம் வராது. அப்பா உடனே வந்த தடத்தால் திரும்பிவிடுவார். பழக்கின நாய் குரைத்துக்கொண்டு ஓடாது. பழக்காத நாயைக் கொண்டுபோவதுதான் பிழை, நாயைக் கொண்டுபோவதே பிழை இல்லை.

பாலைக்காடு:
அண்ணை, உங்கள் அப்பாவின் நாய் காட்டில் வளர்ந்தது. மணியன் வளவுக்குள் கோழி கலைக்கிற நாய். இரண்டையும் ஒன்றாகக் கதைக்கக் கூடாது.

முல்லைக்கிளி:
கரடியை விடுங்கள், கல்லுச் சூட்டை யாரும் சொல்லவில்லையே. நாய் வியர்ப்பது உள்ளங்காலால் மட்டும்தான். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டை இறக்கும். இரண்டு வருசத்துக்கு முன் எங்கள் பெட்டை நாயைப் பத்து மணி வெயிலில் ஒரு பாறைக்கு ஏற்றினோம். பாதியில் படுத்துவிட்டாள். பல் முரசு கடும் சிவப்பு, வாயில் கெட்டி நுரை. இருந்த இரண்டு போத்தல் தண்ணீரையும் வயிற்றிலும் கால் இடுக்கிலும் ஊற்றி, சாரத்தில் போட்டுத் தூக்கி வந்தோம். பிழைத்தாள், ஆனால் அந்த இறக்கத்தை நான் மறக்கவில்லை. புறங்கையைக் கல்லில் வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் நாயாலும் நடக்க முடியாது.

சிவனொளிபாதமலை வேண்டவே வேண்டாம். 2,243 மீற்றர், ஆயிரக்கணக்கில் படி, இரவுக் குளிர், சனம். சுற்றியிருப்பது சரணாலயக் காடு. எங்கள் வெக்கையில் வளர்ந்த நாய்க்கு அங்கே என்ன வேலை?

நெடுங்கேணியான்:
அக்கா, வாசித்த கையோடு மணியனின் காலைப் பிடித்துப் பார்த்தேன். ஞாயிறு தொடங்கி முன்னங்காலை நக்கிக்கொண்டே கிடந்தான், களைப்பு என்று நினைத்திருந்தேன். உள்ளங்கால் மெத்தையில் ஐம்பது சதக் குற்றி அளவுக்குத் தோல் கழன்று உள்ளே இளஞ்சிவப்பாய் இருக்கிறது. தொட்டதும் காலை இழுக்கிறான். நாங்கள் இறங்கும்போது பதினொரு மணி. அவன் ஒருக்காலும் முனகவில்லை.

நாளைக்கு மிருக வைத்தியரிடம் கொண்டு போகிறேன். சிவனொளிபாதமலைக்கு அவன் வர மாட்டான். எங்கள் மலைக்கு மாரி மழை விட்ட பிறகு, விடியவே, கயிற்றில் கட்டிக் கொண்டு போவேன். அந்த வெடிப்பைக் கண்டுபிடித்தது அவன். அவனை விட்டுவிட்டு அங்கே ஏற எனக்கு மனமில்லை.

குளக்கட்டு:
கயிறு வேண்டாம், தம்பி. சூரை முள்ளில் சிக்கினால் ஓடவும் மாட்டான், உங்களையும் ஓட விடான். இரண்டு மாதம் வயல் வரம்பில் கூப்பிட்டுப் பழக்குங்கள். ஒரு சொல்லுக்குத் திரும்பி வருகிறானா என்று பாருங்கள்.

பாலைக்காடு:
கயிறு இல்லாமல் என்றால், நான் முதல் சொன்னதுதான். வீட்டில் விடுங்கள்.