நிறம் மாறினால் போதுமா? பர்மாவில் பறவைகளின் இனப்பெருக்க நிலையைக் கண்டறிந்த அனுபவங்கள்

பெகுவிலிருந்து:
தண்ணீர்த் திருவிழா முடிந்து முதல் மழை விழும்போது ஆண் தூக்கணாங்குருவியின் உச்சந்தலை மஞ்சளாகும், முகம் கறுக்கும், வெளிறிய அலகும் கருமையேறும். உடனே குறிப்பேட்டில் "இனப்பெருக்கம் உறுதி" என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். உடம்பு தயார் என்பதைத் தவிர அந்த நிறம் வேறெதையும் சொல்லாது. இங்குள்ள துணையினத்துக்கு மார்பு வெளிர் பழுப்புதான். இந்தியப் படங்களில் பார்த்த மஞ்சள் மார்பை எதிர்பார்த்தால் குழப்பம் வரும். மார்பும் வயிறும் பளிச்சென்று மஞ்சளாக, முகம் கறுப்பாக இருந்தால் அது பொன் தூக்கணாங்குருவி. அதைத் தனி வரியில் எழுதுங்கள்.

கூட்டின் கட்டத்தைப் படிக்கப் பழகுவதுதான் முக்கியம். முதலில் கிளை நுனியில் நார் முடிச்சு, பிறகு வளையம், அதன்பின் அடி திறந்த தொப்பி. தொப்பி வரைக்கும் ஏறத்தாழ எட்டு நாள், முழுக்கூட்டுக்குப் பதினெட்டு நாள் ஆகும். தொப்பிக் கட்டத்தில்தான் பெண்கள் வந்து உட்கார்ந்து இழுத்துப் பார்க்கும். ஆண் சிறகடித்துக் கத்தும். பெண்ணுக்குப் பிடிக்காவிட்டால் கூடு அப்படியே நின்றுபோகும். ஒரு பனையில் இருபது கூடு தொங்கினால் இருபது ஜோடி என்று கணக்குப் போடாதீர்கள். கைவிட்ட தொப்பிகளும் ஒரே ஆண் கட்டிய இரண்டாம், மூன்றாம் கூடுகளும் அதற்குள் இருக்கும். முட்டை அறை மூடி, நுழைகுழாய் இறங்கியிருந்தால்தான் பெண் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

மோல்மீனிலிருந்து:
பெகு அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்தப் பக்கம் ஓலைக்கூரைத் தாழ்வாரத்திலேயே கூடு தொங்குவதுண்டு, அதனால் கையை விட்டுப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். குழாயை அமுக்கினால் நெசவு பிரியும், பெண் கூட்டை விட்டுவிடலாம். முப்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்து, ஒரு கூட்டை அரை மணி நேரம் பாருங்கள். பெண் உள்ளே போய் நெடுநேரம் வராவிட்டால் அடைகாப்பு; அதைச் செய்வது பெண் மட்டும்தான், பதினான்கு முதல் பதினேழு நாள். வெட்டுக்கிளியோ புழுவோ அலகில் வைத்துக்கொண்டு சில நிமிடத்துக்கொரு முறை வந்து போனால் குஞ்சு. குஞ்சின் எச்சம் அடங்கிய வெள்ளைப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினால் இன்னும் நல்ல சாட்சி. கூடு பச்சையாக இருக்கிறதே என்பதை நம்பாதீர்கள். புதிதாக நெய்தது என்று மட்டும்தான் பொருள்.

ரங்கூனிலிருந்து:
குயில் கூவுகிறது, ஆகவே இனப்பெருக்கம் என்று எழுதுவதை இனியாவது விடுங்கள் ஐயா. காகம் ஊட்டும் குயில் குஞ்சைக் கண்டால் மட்டும் "உறுதி". குஞ்சு கறுப்பாகவே இருப்பதால் தூரத்தில் காக்கைக் குஞ்சு என்றே தோன்றும். வாலின் நீளத்தையும் குரலையும் கவனியுங்கள்.

மீண்டும் பெகு, மோயுன்ஜி ஏரி பற்றி:
2004இல் ராம்சர் தலமான (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட) ஏரி இது, பர்மாவிலேயே முதலாவது. மழைக்காலத்தில் நீளவால் இலைக்கோழியைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இதில் ஆண்-பெண் விஷயமே தலைகீழ். பெண் பெரியது, பல ஆண்களோடு சேர்ந்து ஒவ்வொன்றுக்கும் முட்டையிட்டுவிட்டுப் போகும். வழக்கமாக நான்கு முட்டை. அடைகாப்பது ஆண், ஏறத்தாழ இருபத்தாறு நாள். ஆகவே மிதக்கும் இலைமேல் படுத்திருப்பதைப் "பெண்" என்று எழுதாதீர்கள். நீர் ஏறினால் ஆண் முட்டைகளை அலகுக்கும் மார்புக்கும் இடையில் அணைத்துப் பக்கத்து இலைக்கு இழுத்துப் போகும். நேற்று கண்ட இடத்தில் கூடு இல்லையென்றால் அழிந்தது என்று முடிவு கட்டுமுன் சுற்றுவட்டத்தைத் தேடுங்கள். படகைக் கிட்டே ஓட்ட வேண்டாம். அலையே முட்டையை உருட்டிவிடும்.

பகானிலிருந்து:
ஐராவதிக் கரையில் நீலவால் பஞ்சுருட்டான் வளைகள் கோடையில் நிரம்பும். வளைவாயின் அடியில் கால் தேய்ந்த இரண்டு பள்ளக் கோடுகளும் கீழே புதிதாகச் சரிந்த மணலும் இருந்தால் வளை புழக்கத்தில் இருக்கிறது. தும்பியைப் பிடித்து இணைக்குக் கொடுத்தால் அது காதல் ஊட்டல். அலகில் வைத்தபடியே வளைக்குள் நுழைந்தால் பெரும்பாலும் குஞ்சுக்கு. வால் நுனியில் கம்பி போல நீளும் இறகு தேய்ந்து ஒடிந்திருப்பதும் வளைக்குள் புகுந்து வெளிவரும் பறவையின் அடையாளம். ஆறு முன்கூட்டியே பெருகினால் தாழ்வான வளைகள் மூழ்கும், ஆகவே வளைகளின் உயரத்தையும் குறித்து வையுங்கள்.

பறவையைப் பிடித்துக் காலில் அடையாள வளையம் இடும் குழுவிலிருந்து:
அனுமதி உள்ளவர்களுக்கு மட்டும் இது. கையில் பிடித்த பறவையின் வயிற்று இறகை மெல்ல ஊதிப் பாருங்கள். இறகு உதிர்ந்து தோல் சிவந்து தடித்திருந்தால் அடைகாக்கிறது. தோல் சுருங்கி வறண்டிருந்தால் அந்தக் கட்டம் கடந்துவிட்டது. முள்ளிறகு முளைத்திருந்தால் பருவம் முடிகிறது. தூக்கணாங்குருவியில் இந்த வெறுந்தோல் திட்டு பெண்ணுக்குத்தான். ஆணிடம் கழிவாயைச் சுற்றிய மேடு (வாலடியில் எச்சம் வெளியேறும் இடம்) புடைத்திருப்பதைப் பாருங்கள். புறாக்களில் மட்டும் இந்தச் சோதனை உதவாது. அவற்றில் இருபாலுக்கும் ஆண்டு முழுவதும் வயிறு வெறுந்தோலாகவே இருக்கும். வயிறு கனத்து, முட்டை கைக்குத் தட்டுப்படும் பெண்ணை அளவெடுக்காமல் உடனே விட்டுவிடுங்கள்.