ஹாமில்டன் ஸ்டோவாரே: வேட்டைக்குப் போகாத வீட்டில் ஒரு மோப்ப வேட்டை நாய்

உப்சாலாவாசி:
வணக்கம். சுவீடனின் உப்சாலா நகருக்கு வெளியே, காட்டை ஒட்டிய வீடு எங்களுடையது. முழங்கால் வலியால் வேட்டையை விட்டுவிட்ட ஒரு முதியவரிடமிருந்து, இரண்டு வயதான ஹாமில்டன் ஸ்டோவாரே ஆண் நாயை மார்ச்சில் வாங்கிக்கொண்டோம். பிள்ளைகள் மணி என்று பெயரிட்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் இத்தனை சாதுவான நாயை நான் பார்த்ததில்லை. ஆனால், சென்ற வாரம் வாரின் கொக்கி கழன்றதும், ஒரு முயலின் தடத்தைப் பிடித்துக் குரைத்துக்கொண்டே காட்டுக்குள் ஓடியது, நான்கு மணி நேரம் கழித்துத்தான் திரும்பியது. தொண்டை வறளக் கூப்பிட்டும் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தின்பண்டம் கொடுத்துப் பழக்கியது புல்தரையில் பலிக்கிறது, காட்டில் பலிக்கவில்லை. கூப்பிட்டால் வரும் நாயாக இதை மாற்ற முடியுமா? வேட்டையாடாத எங்களைப் போன்றவர்கள் இதை வைத்திருப்பதே அதற்குச் செய்யும் தீங்கா?

தாலர்னா நண்பர்:
உங்கள் நாய் கீழ்ப்படியாத நாய் அன்று. அது எதற்காக உருவாக்கப்பட்டதோ அதைத்தான் செய்திருக்கிறது. சுவீடன் நாய் வளர்ப்போர் கழகம் 1889இல் தோன்றக் காரணமாக இருந்தவர்களில் ஒருவரான அடோல்ஃப் பாட்ரிக் ஹாமில்டன், 1886ஆம் ஆண்டுக் கண்காட்சியில் பாங், ஸ்டெல்லா என்ற இரு நாய்களைக் காட்டினார். சுவீடன் ஸ்டோவாரே என்று வழங்கிவந்த அந்த இனத்துக்கு 1921இல்தான் அவருடைய பெயரை இட்டார்கள். ஆங்கிலேயரின் நரிவேட்டை நாய்களைப் போல இவை கூட்டமாக ஓடுவதில்லை. மனிதன் கண்ணுக்கு எட்டாத தொலைவில் தனியாக முயலையோ நரியையோ துரத்தி, தான் இருக்கும் இடத்தைக் குரலால் அறிவித்தபடியே, அடுத்து என்ன செய்வது என்று தானே முடிவெடுக்க வேண்டிய நாய்கள். எசமானைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும் நாயை எந்த வேட்டைக்காரரும் இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்.

ஆகவே, தடம் சூடாக இருக்கும்போது கூப்பிட்டு அழைக்கலாம் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். தடத்தில் இறங்குவதற்கு முன், தலை தாழ்ந்து வால் வேகமாக ஆடத் தொடங்கும் அந்த இரண்டு மூன்று நொடிகளில் கூப்பிட்டால் பலன் உண்டு. அந்தக் கணத்தைக் கண்டுகொள்ள நீங்கள்தான் பழக வேண்டும். மீண்டும் தப்பி ஓடினால் பின்னால் ஓடாதீர்கள். முயல் பெரும்பாலும் வட்டமடித்துக் கிளம்பிய இடத்துக்கே வரும். வரும் வழியில் தன் தடத்திலேயே பின்னோக்கி நடந்து பக்கவாட்டில் ஒரு தாவு தாவி நாயை ஏமாற்றும். தடத்தை இழந்த நாயும் தொடங்கிய இடத்துக்கே திரும்பும். அங்கே உங்கள் சட்டையைப் போட்டுவிட்டு வந்தால், பல நாய்கள் அதன்மேல் படுத்துக் காத்திருக்கும்.

மார்ச் 1 முதல் ஆகஸ்டு 20 வரை வனவிலங்குகள் உள்ள இடங்களில் நாயைத் திரிய விடக் கூடாது என்பது இங்கே சட்டம் என்பதையும் மறவாதீர்கள். நான் இருக்கும் பக்கம் ஓநாய்களும் உண்டு. துரத்தும்போது குரைக்கும் நாய் அவற்றைத் தன்னிடமே வரவழைத்துக்கொள்ளும். பத்து மீட்டர் நீளக் கயிறும் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டையும் இல்லாமல் காட்டோரம் போகாதீர்கள்.

குளம்படி:
தீங்கா என்று கேட்டீர்கள். மூக்குக்கு வேலை இல்லாமல் வைத்திருந்தால்தான் தீங்கு. சுவீடனில் 'வில்ட்ஸ்போர்' என்னும் இரத்தத்தடப் பயிற்சி எந்த இன நாய்க்கும் உண்டு. துப்பாக்கி தேவையில்லை. மாட்டு இரத்தத்தைச் சொட்டவிட்டு, ஒரு மான் குளம்பை இழுத்துச் சென்று தடம் போடுவார்கள். தொடக்கத் தேர்வில் தடத்தின் நீளம் ஏறக்குறைய 600 மீட்டர், தடம் போட்டு 2 முதல் 5 மணி நேரம் ஆகியிருக்கும். அடுத்த நிலையில் ஓர் இரவு கழிந்த தடத்தை 45 நிமிடத்துக்குள் தேடி முடிக்க வேண்டும். நாய் முழு நேரமும் நீண்ட கயிற்றில்தான் இருக்கும். அப்படி அரை மணி நேரம் மோப்பம் பிடித்த என் நாய், இரண்டு மணி நேர நடைக்குப் பிறகும் காணாத களைப்போடு தூங்குகிறது. நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். உறைபெட்டியில் குளம்பு இருக்கிறது என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது.

தாலர்னா நண்பர்:
ஸ்டோவாரேயோடு வேட்டைக்குப் போகும் எங்களில் சிலர் இதை ஏற்பதில்லை. மானைத் துரத்தாத ஸ்டோவாரேதான் நல்ல ஸ்டோவாரே, அதன் மூக்கில் மான் குளம்பைக் காட்டுவானேன் என்பது அவர்கள் வாதம். என் அனுபவத்தில், இரத்தத்தடத்துக்கு மட்டும் தனியாக ஒரு மார்புப்பட்டையை வைத்துக்கொண்டால் நாய் இரண்டு வேலைகளையும் குழப்பிக்கொள்வதில்லை. உங்கள் மணி வேட்டைக்கே போகப்போவதில்லை என்பதால், இந்தக் கவலையும் உங்களுக்கு வேண்டாம்.

உடல்நலத்தில் நான்கைக் கவனியுங்கள். தொங்கும் காதுகளை வாரம் ஒருமுறை திறந்து பார்த்து, நாற்றமோ சிவப்போ உண்டா என்று அறியுங்கள். பொரேலியா, அனாப்லாஸ்மா நோய்களைப் பரப்பும் உண்ணிகள் இருப்பதால், மருந்து போட்டிருந்தாலும் ஒவ்வொரு நடைக்குப் பின்னும் அக்குளையும் காதோரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். காதின் ஓரத்திலும் முழங்கையிலும் முடி உதிர்ந்து ஓயாமல் சொறிந்தால், அது நரிகளிடமிருந்து தொற்றும் நரிச்சொறியாக இருக்கலாம். மருத்துவரிடம் நரித்தடம் முகர்ந்ததையும் சொல்லுங்கள். வசந்தத்தில் விரியன் கடித்துவிட்டால் நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

உப்சாலாவாசி:
இருவருக்கும் நன்றி. கொக்கியை மாற்றிவிட்டேன், நீண்ட கயிறும் வாங்கியாயிற்று. பக்கத்து வீட்டு வேட்டைக்காரர் ஒரு குளம்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார். தடம் போடும் வேலை தனக்குத்தான் என்று என் மகள் இப்போதே சண்டை பிடிக்கிறாள்.