இரவில் காட்டுப் பாதையில் சைக்கிள்: விளக்கு பற்றி உதவி வேண்டும்

வணக்கம். டொரொண்டோவில் டான் பள்ளத்தாக்கை ஒட்டிய குரோதர்ஸ் வுட்ஸ் பாதைகளில் மவுண்டன் பைக் ஓட்டுபவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? நவம்பரில் கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்த பிறகு மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து நானும் நண்பனும் போவதென்றால் இனி இருட்டில்தான்.

ஆளுக்கொரு 800 லூமன் (வெளிச்சத்தின் அளவு) விளக்கை ஹெல்மெட்டில் மாட்டியிருக்கிறோம். தூரம் நன்றாகத் தெரிகிறது. ஆனால் வெளிச்சம் கண்ணுக்கு நேராகவே போவதால் நிழல் தெரிவதில்லை. உதிர்ந்த இலைக்குள் கிடக்கும் வேரும் பள்ளமும் ஒரே மட்டமாகத் தெரிகின்றன. இன்னொரு தொல்லை, நண்பன் பின்னால் நெருங்கி வந்தால் அவனுடைய வெளிச்சத்தில் என் நிழலே முன்னால் விழுந்து பாதையை மறைக்கிறது.

ஹேண்டில்பாரிலும் ஒரு விளக்கு பூட்டலாம் என்று நினைக்கிறோம். எத்தனை லூமன் போதும்? விரிந்த ஒளியா, குவிந்த ஒளியா? இருவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவீர்கள்? அப்புறம், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறது. பேட்டரியை ஜாக்கெட்டுக்குள் வைத்து வயர் இழுத்து ஓட்டுபவர்கள் அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். படம் இருந்தால் அதையும் போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.