வாந்தி ஊசியும் அம்மாவின் ஈ.சி.ஜி.யும்: விளக்கம் தேவை

கேள்வி (ஒட்டுசுட்டான்):
வணக்கம். 61 வயதான என் அம்மாவுக்கு அடுத்த மாதம் பித்தப்பைக் கல்லுக்குச் சத்திரசிகிச்சை. முன்பு கர்ப்பப்பை அகற்றியபோது மயக்கம் தெளிந்து இரண்டு நாட்கள் ஓயாமல் சத்தி எடுத்தவர் என்பதால், இம்முறை முன்கூட்டியே வாந்தி ஊசி போடும்படி கேட்க இருந்தோம். ஆனால் கிளினிக்கில் எடுத்த ஈ.சி.ஜி.யில் கியூ.ரீ.சி. 478 மில்லிசெக்கன் என்றுள்ளது. அந்த ஊசி இதயத்துடிப்பைக் குழப்பும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து, அம்மா சத்திரசிகிச்சையே வேண்டாம் என்கிறார். பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் குடிக்கிறார்.

பதில் (கிளிநொச்சி, சத்திரசிகிச்சைக்கூடத் தாதி):
உறவினர் சொன்னதில் உண்மை உண்டு. அம்மா எடுத்த முடிவுதான் தேவையற்றது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத் தசை அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுக்கும் நேரத்தைத்தான் ஈ.சி.ஜி.யில் கியூ.ரீ.சி. காட்டுகிறது. அதை ஒண்டான்செற்றோன், ட்ரோபெரிடோல் போன்ற வாந்தி ஊசிகள் நீட்டுகின்றன. அது மிகவும் நீண்டால், அரிதாக, ஆபத்தான துடிப்புக் குழப்பம் ஏற்படலாம். 500ஐத் தாண்டினால் பெரிதும் அஞ்சுவோம். பெண்களுக்கு 460க்கு மேல் நீட்சி என்றே கொள்வதால், 478ஐயும் அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் அளவும் முக்கியம். ஒண்டான்செற்றோனை ஒரே தடவையில் 32 மில்லிகிராம் நாளத்தில் ஏற்றும் முறையை அமெரிக்காவில் 2012இல் கைவிட்டார்கள். சத்திரசிகிச்சையில் நாங்கள் வழமையாகக் கொடுப்பதோ 4 மில்லிகிராம்.

எனக்கு ஊசியைவிட அந்தப் பிரஷர் குளிசைதான் உறுத்துகிறது. அது சிறுநீருடன் பொற்றாசியத்தையும் மகனீசியத்தையும் வெளியேற்றும். அவை குறைந்த உடலில்தான் இந்த மருந்துகள் கூடுதலாகத் தொல்லை தரும். இரண்டையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வேறு ஏதாவது குடிக்கிறாரா?

கேட்டவர்:
வயிறு ஊதும்போது பாமசியில் டொம்பெரிடோன் வாங்கிக் குடிப்பார். அது மருந்துக் கணக்கில் சேருமென்று நினைக்கவில்லை.

பதில் (வவுனியா, மயக்கமருந்து வைத்தியர்):
கட்டாயம் சேரும், அதுவும் கியூ.ரீ.சி.யை நீட்டுவதே. குளிசை மட்டைகள் அனைத்தையும் பழைய ஈ.சி.ஜி.யையும் மயக்கமருந்து கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள். முன்பு சத்தி எடுத்ததையும் மறவாமல் சொல்லுங்கள். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் இன்னொரு மருந்தான டெக்சாமெதசோன் இந்த நேரத்தை நீட்டுவதில்லை. மயக்கத்துக்குக் கொடுக்கும் செவோபுளூரேன் வாயு அதை நீட்டுவதோடு சத்தியையும் தூண்டக்கூடியது என்பதால், அதைத் தவிர்த்து புரோபொபோலை நாளத்தில் ஏற்றியே மயக்கத்தில் வைத்திருக்கவும் முடியும். எது பொருந்தும் என்பதை அம்மாவை நேரில் பார்ப்பவரே முடிவு செய்வார்.

கேட்டவர்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். இரத்தம் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். டொம்பெரிடோன் மட்டையைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.