கேர்னல் நினைவகச் சோதனை முடிய 50 நிமிடம்: நேரம் எங்கே போகுது?

கொட்டியாரம்_சி (கேள்வி)

லினக்ஸ் 6.6 மூலத்தில் டூல்ஸ் / டெஸ்டிங் / செல்ஃப்டெஸ்ட்ஸ் / எம்எம் அடைவில் இருக்கிற நினைவகச் சோதனைகளை கியூஎமு (கணினிக்குள் மெய்நிகர் கணினி ஓட்டும் மென்பொருள்) விருந்தினர் கணினிக்குள் ஓட்டுகிறேன். 8 ஜிபி மடிக்கணினி, விருந்தினருக்கு 4 ஜிபி, 4 கோர். முழுத் தொகுதிக்கும் 50 நிமிடம் பிடிக்குது. மேக் ரன்-டெஸ்ட்ஸ் வழியாக ஓட்டினால் பாதியில் "டைம்அவுட்" என்று வெட்டிவிடுது.

இதோடு எம்ரீமேப்புக்கு (நினைவகப் பகுதியை வேறு முகவரிக்கு நகர்த்தும் கேர்னல் அழைப்பு) எங்கள் குழு எழுதின சோதனை ஒன்றும் இருக்கு. 1 ஜிபி பகுதியை ராண்ட் (சீரற்ற எண் தரும் செயற்கூறு) எண்களால் நிரப்பி, இடம் மாற்றி, பைட் பைட்டாக ஒப்பிடும். மூன்று விதமான சீரமைப்பு (பகுதியின் முகவரி எந்த அளவு எல்லையில் தொடங்குது என்பது). அது ஒன்றுக்கே 12 நிமிடம். ராம் கூட்டினால் சரிவருமா?

உப்புவெளி_காற்று

ராம் வாங்கக் கடைக்கு ஓட முதல் மூன்று விசயம் பாருங்கோ.

உங்கட சோதனையை "டைம்" போட்டு ஓட்டி மூன்று எண்ணையும் இங்கே போடுங்கோ. யூசர் பெரிசென்றால் சோதனை நிரலின்ட சொந்தச் சுற்றுத்தான் நேரத்தைத் தின்னுது. சிஸ் பெரிசென்றால் கேர்னல், அநேகமாக அதில் போட்டிருக்கிற டிபக் விருப்பங்கள். இரண்டும் சின்னனாக இருந்து ரியல் மட்டும் பெரிசென்றால் எதற்கோ காத்து நிற்குது: ஸ்வாப், ஸ்லீப், இல்லாட்டி திரைக்கு எழுதுற வேலை.

இரண்டாவது, விருந்தினரில் டிமெசேஜ் (கேர்னல் செய்திப் பதிவு) பார்த்து "ஹைப்பர்வைசர் டிடெக்டட்: கேவிஎம்" என்ற வரி இருக்கோ என்று சொல்லுங்கோ (கேவிஎம் என்றால் விருந்தினரை சிபியுவிலேயே நேரடியாக ஓட்டுற வசதி). மூன்றாவது, கான்ஃபிக் கோப்பில் கேசான் (தவறான நினைவக அணுகலைப் பிடிக்கிறது), ப்ரூவ்-லாக்கிங் (பூட்டு வரிசையைச் சரிபார்க்கிற லொக்டெப்), கேமெம்லீக் (விடுவிக்காத நினைவகத்தைத் தேடுறது), டிபக்-பேஜ்அலாக் (விடுவித்த பக்கத்தைத் தொட்டால் பிடிக்கிறது) இதுகளில் எது "ஒய்"?

டைம்அவுட்டுக்கு: ஓட்டுகிற கருவியின் கண்ணுக்கு ரன்-விஎம்டெஸ்ட்ஸ் ஸ்கிரிப்ட் முழுவதும் ஒரே ஒரு சோதனை. உள்ளே எத்தனை இருந்தாலும் கடிகாரம் ஒன்றுதான். அந்த அடைவில் செட்டிங்ஸ் என்ற கோப்பில் எல்லை எழுதியிருக்கும் (கோப்பே இல்லாத அடைவுகளுக்கு 45 விநாடி). ஸ்கிரிப்டை ரூட்டாக நேரடியாக ஓட்டினால் அந்தக் கடிகாரமே இல்லை. மைனஸ் டி கொடுத்து "எம்மேப்", "யூசர்ஃபால்ட்எஃப்டி" என்று வகை வகையாகவும் பிரித்து ஓட்டலாம்.

கொட்டியாரம்_சி

ரியல் 12 நிமி 10, யூசர் 11 நிமி 20, சிஸ் 45 விநாடி. கேவிஎம் வரி இல்லவே இல்லை. கேசான், ப்ரூவ்-லாக்கிங், கேமெம்லீக் மூன்றும் "ஒய்".

கன்னியா_7

வரி இல்லையென்றால் டிசிஜியில் (கியூஎமுவின் மென்பொருள் வழி) ஓடுது தம்பி. விருந்தினரின் ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருள் மொழிபெயர்த்துத் தருது, பக்க அட்டவணையில் தேடுறதும் மென்பொருளில்தான். நினைவகச் சோதனைக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது.

பயாஸில் மெய்நிகராக்க வசதி, இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம், திறந்திருக்க வேணும். பிறகு டெவ் அடைவில் கேவிஎம் கோப்பு இருக்கோ பாருங்கோ. இருந்தும் "பெர்மிஷன் டினைட்" வந்தால் உங்கட பயனரை கேவிஎம் குழுவில் சேர்த்து, வெளியேறி உள்ளே வாங்கோ. கியூஎமுவுக்கு கேவிஎம், டிசிஜி இரண்டையும் மாற்றாகக் கொடுக்காதீங்கோ. கேவிஎம் மட்டும் கொடுத்தால் கிடைக்காதபோது பிழை சொல்லி நிற்கும். இரண்டையும் கொடுத்தால் டிசிஜிக்கு நழுவிவிடும், நீங்கள் கவனிக்காமலே விட்டுவிடலாம். சிபியு ஹோஸ்ட் என்பதையும் சேருங்கோ.

கேசான்: நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைத் தன் நிழலுக்கு (எந்தப் பைட்டைத் தொடலாம் என்ற குறிப்புக்கு) எடுக்கும், அதாவது 4 ஜிபியில் அரை ஜிபி. இன்லைன் வகையைத் தெரிந்தால் அவுட்லைனைவிட வேகம், கேர்னல் கோப்பு மட்டும் பெருக்கும். ஆனால் கேசான் கண்காணிக்கிறது கேர்னல் குறியீட்டை. உங்கட 11 நிமிட யூசர் நேரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. இரண்டு கேர்னல் கட்டி வையுங்கோ. ஒன்று டிபக்-விஎம் (நினைவகக் குறியீட்டின் உள் சரிபார்ப்பு) மட்டும் போட்டது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்ட. மற்றது கேசானும் லொக்டெப்பும் போட்டது, இரவில் ஓட்ட. கேமெம்லீக் இடைக்கிடை நினைவகம் முழுவதையும் துழாவும், அதைப் பகல் கேர்னலில் வைக்கவே வேண்டாம்.

இன்னொன்று, இது எங்கட ஊர்ப் பிரச்சினை. கச்சான் வீசுற மாதங்களில் மடிக்கணினியை மெத்தையில் வைத்து ஓட்டினால் சிபியு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைக்கும். முதல் நிமிடத்திலும் பத்தாம் நிமிடத்திலும் மடிக்கணினியின் (விருந்தினரின் அல்ல) ப்ராக் அடைவின் சிபியுஇன்ஃபோவில் மெகாஹெர்ட்ஸ் பாருங்கோ. பாதியாக இறங்கியிருந்தால் நீங்கள் எடுக்கிற எந்த அளவையும் நம்பேலாது.

தம்பலகாமம்_பிட்

யூசர் நேரத்துக்கு வருவோம். 1 ஜிபி என்றால் 1,073,741,824 பைட். நிரப்ப ஒரு தடவை, ஒப்பிட ஒரு தடவை, மூன்று சீரமைப்பு: 640 கோடிக்கு மேல் ராண்ட் அழைப்பு. ஜிலிப்சியின் (லினக்ஸின் வழக்கமான சி நூலகம்) ராண்ட் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பூட்டைப் போட்டுத் திறக்கும். அதோடு ராண்ட் வரிசையை நடுவில் இருந்து தொடங்க முடியாது, கடைசிப் பைட்டைச் சரிபார்க்கவும் முதலில் இருந்தே உருட்ட வேணும்.

மாற்றம் இதுதான். தொடக்கத்தில் ஒரு தரம் மட்டும் ராண்ட் கொண்டு 2 எம்பி மாதிரித் துண்டு ஒன்று செய்யுங்கள். அதை மெம்கொப்பியால் (நினைவகத்தைப் படியெடுக்கும் செயற்கூறு) பகுதி முழுவதும் இடுங்கள். இடம் மாற்றிய பின் துண்டு துண்டாக மெம்கம்ப் (நினைவகத்தை ஒப்பிடும் செயற்கூறு). பொருந்தாத துண்டு வந்தால் மட்டும் அதற்குள் பைட் பைட்டாகத் தேடி எந்த இடம் என்று அச்சிடுங்கள். மெம்கம்ப் பரந்த பதிவகங்களில் ஒரே மூச்சில் பல பைட் ஒப்பிடும்.

இதில் ஒரு பொறி இருக்கு. எல்லாத் துண்டும் ஒரே மாதிரி என்றால், கேர்னல் 5ஆம் துண்டையும் 9ஆம் துண்டையும் மாற்றி வைத்தாலும் உங்கள் சோதனை "சரி" என்று சொல்லும். ஆகவே ஒவ்வொரு 4096 பைட் பக்கத்தின் முதல் 8 பைட்டிலும் பக்க எண்ணை எழுதுங்கள். ஒப்பிடும்போது மாதிரித் துண்டிலும் அந்த எட்டு பைட்டுகளை மாற்றிக்கொள்ள வேணும். 1 ஜிபிக்கு 262,144 எழுத்து, பெரிய செலவில்லை.

மேக்ஃபைல் உங்களுடையதென்றால் ஓ2 (தொகுப்பியின் உகப்பாக்க விருப்பம்) இருக்கிறதா பாருங்கள். விடுபட்டிருந்தால் சுற்றுகள் எல்லாம் உகப்பாக்கம் இல்லாமல் ஓடும்.

மூதூர்_கரை

ஏன் இவ்வளவு? அளவை 16 எம்பி ஆக்கினால் வேலை முடிஞ்சுதே.

தம்பலகாமம்_பிட்

முடியாது. எக்ஸ்86-64 இல் எம்ரீமேப் பக்கம் பக்கமாக 4 கேபி நகர்த்தும்; 2 எம்பி சீரமைப்பு பொருந்தினால் பிஎம்டி (பக்க அட்டவணையின் 2 எம்பி மட்டம்) அளவில், 1 ஜிபி பொருந்தினால் பியூடி (அதன் மேல் 1 ஜிபி மட்டம்) அளவில் ஒரே உள்ளீடாக நகர்த்தும். அளவைக் குறைத்தால் பியூடி பாதையைத் தொடவே மாட்டீர்கள். மற்ற இரண்டு நிலைக்கும் வேணுமென்றால் குறைக்கலாம்.

நீங்கள் சொல்ல வந்ததில் பாதி சரி. எம்ரீமேப் சாதாரண அநாமதேயப் (எந்தக் கோப்போடும் சேராத) பக்கங்களின் தரவைப் படியெடுப்பதில்லை, அட்டவணை உள்ளீட்டைத்தான் இடம் மாற்றுது. அதனால் பக்கத்துக்கு 8 பைட் குறி மட்டும் சரிபார்த்தாலே பெரும்பாலான வழுக்கள் பிடிபடும். ஆனால் காப்பி-ஆன்-ரைட் (பகிர்ந்த பக்கத்தில் எழுதும்போது நகல் எடுப்பது), பக்க இடப்பெயர்ச்சி, காம்பாக்ஷன் (சிதறிய பக்கங்களை ஒன்றுசேர்ப்பது) சோதிக்கிறீர்கள் என்றால் தரவே படியெடுக்கப்படும், அங்கே முழுப் பக்க மெம்கம்ப் கட்டாயம்.

உப்புவெளி_காற்று

தொகுதி முழுவதையும் வேகமாக்க இரண்டு சொல். ஒரே விருந்தினருக்குள் சோதனைகளைச் சமாந்தரமாக ஓட்டாதீங்கோ. பெரும்பக்க (4 கேபிக்குப் பதில் 2 எம்பி பக்கம்) எண்ணிக்கை, கேஎஸ்எம் (ஒரே மாதிரிப் பக்கங்களை ஒன்றாக்கிறது), டிஎச்பி (பெரும்பக்கத்தைத் தானாகக் கொடுக்கிறது) அமைப்பு எல்லாம் கணினி முழுவதற்கும் பொது. ஒன்று மாற்ற மற்றது விழும். தலா 2 கோர், 2 ஜிபியில் இரண்டு விருந்தினர் எழுப்பி வகைகளைப் பங்கிடுங்கோ. அப்போது வெளியே விஎம்ஸ்டாட் 1 ஓடட்டும். எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பில் இருந்து உள்ளே, ஸ்வாப்புக்கு வெளியே) இரண்டும் 0 ஆக இல்லாவிட்டால் உலாவியை மூடுங்கோ.

வெளியீட்டை சீரியல் திரைக்கு விடாமல் கோப்புக்குத் திருப்புங்கோ. ஒவ்வொரு எழுத்துக்கும் விருந்தினர் நின்று வெளியே வந்து போகுது.

கொட்டியாரம்_சி

கேவிஎம் திறந்ததும் எங்கள் சோதனை 1 நிமி 25. துண்டு ஒப்பீட்டுக்குப் பிறகு 6 விநாடி, அதுவும் கேசான் கேர்னலில். ஒரு பைட்டை வேண்டுமென்றே கெடுத்தும், இரண்டு பக்கத்தை மாற்றி வைத்தும் பார்த்தேன், இரண்டையும் பிடிச்சுது. முழுத் தொகுதி, பகல் கேர்னலில் இரண்டு விருந்தினராக, 13 நிமிடம்.

ஆனால் பெரும்பக்கச் சோதனைகள் சில சந்தேகமாக விரைவாக முடியுது.

கன்னியா_7

அவை ஓடவில்லை, தவிர்க்கப்பட்டிருக்கு. வெளியேறு குறி 4 என்றால் "ஸ்கிப்", வெளியீட்டில் ஸ்கிப் என்று தேடி எண்ணுங்கோ. 2 ஜிபி விருந்தினரில் கொஞ்ச நேரம் ஓடின பிறகு தொடர்ச்சியான 2 எம்பி துண்டுகள் கிடைக்கிறது கடினம். பூட் வரியிலேயே ஹியூஜ்பேஜஸ் 128 கொடுங்கோ, 256 எம்பி ஒதுங்கும். யூசர்ஃபால்ட்எஃப்டி, கப்-டெஸ்ட் போன்றவை கான்ஃபிக்கில் இல்லையென்றாலும் ஸ்கிப்தான்; எம்எம் அடைவிலேயே தேவையான கான்ஃபிக் பட்டியல் கோப்பு இருக்கு, மேக் கேசெல்ஃப்டெஸ்ட்-மெர்ஜ் அதை உங்கட கான்ஃபிக்கில் சேர்த்துவிடும். பிறகு கேர்னலைத் திரும்பக் கட்டி, ஸ்கிப் எண்ணிக்கையைப் போடுங்கோ. 13 நிமிடம் 16 ஆனாலும் ஆகும்.