‘2.5 பஸ்’ என்று விடை எழுதுகிற பத்தாம் வகுப்பை என்ன செய்வது?

குடியாத்தம் வாத்தியார்:
வணக்கம். குடியாத்தம் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாவதுக்குக் கணக்கு எடுக்கிறேன். போன வாரம் ஒரு கணக்கு கொடுத்தேன். ஏலகிரிக்குச் சுற்றுலா, 130 பேர், பஸ்ஸுக்கு 52 பேர், எத்தனை பஸ் பிடிக்கணும்? வகுத்தலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பாதிப் பேர் ‘2.5 பஸ்’ என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டுவிட்டார்கள். ஒரு பையன் ‘மீதி 26’ என்று நிறுத்திவிட்டான். அந்த 26 பேரும் எப்படிப்பா வருவாங்க என்றால் சிரிக்கிறான்.

2.5 எழுதிய ஒரு மாணவியின் அம்மா பீடி சுற்றுகிறார். கட்டுக்கு 25, ஆயிரத்துக்கு இவ்வளவு கூலி. ஏஜெண்ட் இரண்டு கட்டைக் கழித்துவிட்டால் எவ்வளவு குறையும் என்று அந்தப் பெண் மனசிலேயே சொல்கிறாள். நோட்டைத் திறந்தால் மட்டும் என்ன ஆகிறது?

காட்பாடி டீச்சர்:
நம்ம பிள்ளைகள் மட்டும் இல்லை சார். அமெரிக்காவில் 1983 தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் இதே கதைதான். 1128 ராணுவ வீரர்கள், பஸ்ஸுக்கு 36 பேர். 13 வயதுப் பிள்ளைகளில் 32 என்று சரியாக எழுதியவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. ‘31, மீதி 12’ என்றவர்கள் அதைவிட அதிகம்.

பல நாட்டு 15 வயது மாணவர்களை ஒப்பிடுகிற பிசா (PISA) தேர்வில், கணக்கை வாழ்க்கையில் பயன்படுத்தும் திறனான கணித எழுத்தறிவை மூன்றாகப் பார்க்கிறார்கள்: நிலைமையைக் கணக்காக மாற்றுவது, கணக்கைப் போடுவது, வந்த விடை அந்த நிலைமைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது. நாம் மாய்ந்து மாய்ந்து நடத்துவது நடுவில் உள்ளதை மட்டும். 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாசலமும் எழுதிக் கடைசி வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கும்.

நான் முதலில் எண்ணே இல்லாமல் சொல்வேன். ‘நிறையப் பேர் போறாங்க, ஒரு பஸ்ஸில் கொஞ்சம் பேர்தான் ஏறலாம், என்ன செய்வீங்க?’ வகுக்கணும் என்று அவர்கள் வாயால் வந்த பிறகுதான் எண். விடையும் முழு வாக்கியமாக வேண்டும்.

ஆரணிக்காரர்:
கேட்க நல்லா இருக்கு மேடம். ஜனவரி வந்தால் எங்களுக்குத் தேர்ச்சி விகிதம்தான் பேச்சு. வடிவியல் 8, கிராப் 8, அந்த 16 மார்க்கை எப்படியாவது வாங்க வை என்பார்கள். இதற்கெல்லாம் நேரம் ஏது?

காட்பாடி டீச்சர்:
அந்த கிராப்பையே எடுங்களேன். மணிக்கு 50 கிமீ போகிற பஸ் 90 நிமிடத்தில் எவ்வளவு தூரம் போகும்? மாறிலி 50, அதனால் 50 பெருக்கல் 90, விடை 4500 கிமீ என்று எழுதுகிற பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கும். ‘ஒன்றரை மணி நேரத்தில் பஸ் காஷ்மீரையே தாண்டிடுமா?’ என்று கேட்டால் போதும், தானே நிமிடத்தை மணியாக்கி 75 என்கிறார்கள். இதுவும் உங்கள் 8 மார்க்குக்குள்தானே வருகிறது?

குடியாத்தம் வாத்தியார்:
எண் இல்லாத கணக்கு நாளைக்கே போட்டுப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம் டீச்சர். வாக்கியமாக எழுது என்றால் ‘தேவையான பஸ்கள் = 2.5’ என்று எழுதித் தப்பித்துவிடுகிறார்களே?

காட்பாடி டீச்சர்:
சமக்குறி வந்தால் அது வாக்கியமே இல்லை என்று சொல்லிவிடுங்கள் சார். டிராவல்ஸுக்கு போன் போட்டு வண்டி கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். ‘அண்ணே, ரெண்டரை பஸ் அனுப்புங்க’ என்று ஒரு பிள்ளையும் சொல்லாது.